கோத்தகிரி மேட்டில் ஒரு பழைய ஆட்டோமேட்டிக்: கியர் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவது

எங்கள் கோத்தகிரியில் காருக்கு அடியில் படுத்து வேலை பார்க்க வேண்டுமென்றால், ஸ்பேனர் தேடுவதற்கு முன்னால் சமதரை தேட வேண்டும். என் வீட்டு வாசல் சரிவு. பக்கத்து வீட்டு வாசல் அதைவிடச் சரிவு. கடைசியில் தேயிலை எடை போடும் கொட்டகைதான் வாய்த்தது. ஞாயிற்றுக்கிழமை இலை வராது. சிமெண்ட் தரை, மேலே தகரம். கொத்தனாரிடம் தண்ணீர் டியூப் இரவல் வாங்கி நாலு சக்கரத்துக்கும் மட்டம் வைத்துப் பார்த்தேன். பின்பக்கம் முக்கால் அங்குலம் தாழ்ந்திருந்தது. இரண்டு பலகைத் துண்டு வைத்ததும் சரியாயிற்று. இதை ஏன் இப்படி நீட்டி முழக்குகிறேன் என்பது ஆயில் அளவு பார்க்கும் இடத்துக்கு வரும்போது தெரியும்.

நான் தேயிலை ஃபேக்டரியில் 31 வருடம் ஃபிட்டராக இருந்தவன். தேயிலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிற சி.டி.சி. மெஷின் கியர்பாக்ஸ்களைத் திறந்து மூடியே பாதி ஆயுள் போயிற்று. கார் மெக்கானிக் அல்ல. இடது முழங்கால் கிளட்ச் மிதிக்க மறுத்த பிறகு, 2017-ல் கோவையில் ஒருவரிடம் 2006 மாடல் கொரோலா வாங்கினேன். 1.8 லிட்டர் பெட்ரோல், நாலு கியர் ஆட்டோமேட்டிக். அப்போதே 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. கியர் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் லைஃப் டைம் ஆயிலுங்க, தொடவே வேண்டாம்" என்றார். சி.டி.சி. ரோலர் கியர்பாக்ஸைப் பற்றி இப்படி யாராவது சொல்லியிருந்தால், எங்கள் ஹெட் ஃபிட்டர் கையில் இருப்பதை எடுத்து எறிந்திருப்பார்.

மலையில் இந்த எண்ணெய் ஏன் சீக்கிரம் கெடுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் கிட்டத்தட்ட 1,450 மீட்டர் உயரம் ஏறுகிறோம். ஆட்டோமேட்டிக் காரில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில், நாம் காலால் மிதிக்கிற கிளட்ச்சுக்குப் பதிலாக டார்க் கன்வர்ட்டர் இருக்கிறது. எதிரெதிராக வைத்த இரண்டு ஃபேன் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று எண்ணெயைச் சுழற்றி அடிக்கும், அந்த வேகத்தில் மற்றது சுற்றும். நேர் ரோட்டில் சீராகப் போகும்போது உள்ளே இருக்கும் லாக்கப் கிளட்ச் இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடும். குஞ்சப்பனை தாண்டி வளைவுக்கு வளைவு மூச்சுப் பிடித்து ஏறும்போது அந்தப் பூட்டு அநேகமாக விழுவதே இல்லை. நழுவுகிற சக்தியெல்லாம் சூடாக மாறி எண்ணெயில் இறங்குகிறது. எண்ணெயின் சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது ஃபேக்டரியில் நாங்கள் வைத்திருந்த தோராயக் கணக்கு. அதே எண்ணெய்தான் அழுத்தம் கொடுத்து கியர் மாற்றுகிறது, பல்சக்கரத்துக்கு மசகாகிறது, சூட்டையும் சுமந்து ரேடியேட்டருக்குக் கொண்டு போகிறது. ஒரே ஆள் மூன்று ஷிஃப்ட் பார்ப்பது போல.

உங்கள் வண்டி எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். செலெரியோ, ஆல்டோவில் வருகிற ஏ.எம்.டி. வேறு சங்கதி. அது மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச்சை மெஷின் மிதிக்கிறது. அதற்கு சாதாரண கியர் ஆயில், கழற்றி மாற்ற ஃபில்டரும் கிடையாது. சி.வி.டி. என்றால் அதற்கென்று தனி ஆயில்; அதில் ஏ.டி.எஃப். என்கிற ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை ஊற்றினால் பெல்ட் நழுவி பெரிய செலவில் கொண்டு போய் விடும். எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கே இல்லாத புது வகை கியர்பாக்ஸ்களில் ஸ்கேனர் வைத்து, குறிப்பிட்ட சூட்டில், வழிந்தோடும் துளை வழியாக அளவு பார்க்க வேண்டும். அவற்றை வீட்டில் செய்யாதீர்கள். நான் சொல்வது டிப்ஸ்டிக் உள்ள, அடியில் பேன் என்கிற எண்ணெய்த் தட்டைக் கழற்ற முடிகிற பழைய ஆட்டோமேட்டிக்குக்கு.

வேலை தொடங்குவதற்கு முன் ஒரு பயத்தைத் தீர்க்க வேண்டும். டூரிஸ்ட் டாக்சி ஓட்டும் பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டான்: "மாமா, பல வருஷமா மாத்தாத ஆயில மாத்தினா கியரே போயிரும்னு சொல்றாங்களே?" அது முழுப் பொய் இல்லை. கியர் ஏற்கெனவே நழுவிக்கொண்டிருந்தால், அதாவது ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் எஞ்சின் சத்தம் ஏறி வண்டி ஏறாமல் நின்றால், உள்ளே கிளட்ச் தட்டுகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். தேய்ந்த தட்டுக்குப் புது ஆயில் மருந்தாகாது. மாற்றிய மறுவாரம் வண்டி நின்றுவிட்டால் பழி ஆயில் மேல் விழும். ஒழுங்காக ஓடும் வண்டிக்கு, மெஷின் வைத்து அழுத்தமாகத் தள்ளிக் கழுவாமல், தானாக வடிகிற அளவு வடித்து ஊற்றினால் எதுவும் ஆகாது. டிப்ஸ்டிக்கை எடுத்து வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு வையுங்கள். புது ஆயில் மாதுளைச் சாறு போலச் சிவப்பு. பழுப்பு என்றால் வயதாகிவிட்டது. கறுத்து, கருகிய நெடி அடித்தால் தட்டு வெந்திருக்கிறது. இளஞ்சிவப்பாகப் பால் டீ மாதிரி கலங்கியிருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகி கூலன்ட் கலந்துவிட்டது. அப்படியானால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு முதலில் ரேடியேட்டரைப் பாருங்கள். என்னுடையது நல்ல பழுப்பு, நெடி இல்லை.

சாமான்களுக்கு கோவைக்கு இறங்கினேன். மே மாதத்தில் இந்த வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். ஊட்டி மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் போய்வரவே ஒரு பகல் போய்விடும். எந்த ஆயில் என்பது என் வண்டியின் டிப்ஸ்டிக்கிலேயே பொறித்திருக்கிறது: டைப் டி-4. கடைக்காரர் "டபிள்யூ.எஸ். இருக்கு, இதுதான் புதுசு, நல்லது" என்றார். புதுசுதான், ஆனால் டி-4-ஐவிட நீர்த்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. வேண்டாம் என்று சொல்லி வேறு கடைக்கு நடந்தேன். பத்து லிட்டர் டி-4, ஸ்ட்ரெய்னர் என்கிற ஃபில்டர் ஒன்று, பேன் கேஸ்கெட் ஒன்று, எண்ணெய் வடிக்கக் கழற்றுகிற ட்ரெயின் போல்ட்டுக்கு வாஷர் மூன்று. பத்து லிட்டரும் மூன்று வாஷரும் எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

காலை பத்து மணிக்கு முன்னால் ஆரம்பிக்காதீர்கள், மதியம் இரண்டு மணிக்குமேல் பேனைத் திறந்து வைத்திருக்காதீர்கள். எங்கள் பக்கம் மத்தியானத்துக்கு மேல் மஞ்சு இறங்கினால் திறந்த இரும்பின் மேலெல்லாம் ஈரம் படியும். கியர்பாக்ஸுக்குள் தண்ணீர் ஆகாது. வண்டியை அரவேனு வரை இறக்கித் திரும்ப ஏற்றிக் கொண்டுவந்தேன். எண்ணெய் சூடாக இருந்தால்தான் அழுக்கோடு சேர்ந்து வடியும். பிறகு அரை மணி ஆறவிட்டேன், இல்லையென்றால் கை வெந்துவிடும். ஹேண்ட் பிரேக், பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கற்பூர மரக் கட்டை, முன்பக்கம் ஜாக்கியில் தூக்கி இரண்டு பக்கமும் ஸ்டாண்ட். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகவே கூடாது. ஸ்டாண்டில் உட்கார்ந்ததும் வண்டியைத் தோளால் இடித்துப் பாருங்கள். ஆடினால் இறக்கி மறுபடியும் வையுங்கள்.

அடியில் இரண்டு ட்ரெயின் போல்ட் தெரியும். ஒன்று எஞ்சினுடையது. அதைக் கழற்றி எஞ்சின் ஆயிலை இறக்கிவிட்டு, கியரில் மேலும் மூன்று லிட்டர் ஊற்றியவர்கள் இருக்கிறார்கள். என் வண்டியில் கியர் பேனுடையது உள்ளே அறுகோணக் குழி உள்ள போல்ட், 10 எம்.எம். அலன் கீ கேட்கும். வடிகிற எண்ணெயைப் பிடிக்க அகலமான தட்டு. வடிந்து நின்றதும் போல்ட்டைச் சும்மா மாட்டிவைத்துவிட்டுப் பேனைச் சுற்றியுள்ள 10 எம்.எம். தலை போல்ட்களைக் கழற்றுங்கள். ஒரு மூலையில் இரண்டை மட்டும் நாலு சுற்று தளர்த்தி விட்டுவைத்து மற்றவற்றை முழுவதும் எடுத்தால், பேன் எதிர் மூலையில் சாய்ந்து மிச்ச எண்ணெய் தட்டில் விழும். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் முகத்தில் விழும். ஒட்டிக்கொண்டால் ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பாதீர்கள். பேன் விளிம்பு நெளிந்தால் அப்புறம் எந்த கேஸ்கெட்டும் நிற்காது. மரச்சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினால் போதும். கழற்றிய போல்ட்களை அட்டையில் பேன் படம் வரைந்து, அதே இடத்தில் குத்தி வைத்தேன்.

இனி அவசரப்படாதீர்கள். பேனைக் கழுவுவதற்கு முன்னால் படிக்க வேண்டும். இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த இடம் இது. பேனின் அடியில் வட்டக் காந்தங்கள் ஒட்டியிருக்கும். தேய்ந்த இரும்புத்தூளைப் பிடித்துவைக்கத்தான் அவை. அவற்றின் மேல் முள்ளம்பன்றி மாதிரி சாம்பல் நிறப் பசை நின்றிருந்தது. விரலில் எடுத்துக் கட்டைவிரலோடு தேய்த்தேன். கண்மை போல வழுவழுப்பு. அதுதான் வேண்டும். அது வருடக்கணக்கில் பற்கள் ஒன்றோடொன்று உரசியதன் மிச்சம், இத்தனை கிலோமீட்டருக்கு இயல்பு. நெருடினால் சங்கடம். ஊசி ஊசியாகவோ பிசிறு பிசிறாகவோ வந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. காந்தத்தில் ஒட்டாமல் பொன்னிறத்தில் மின்னும் துகள் என்றால் உள்ளே இருக்கும் புஷ் தேய்கிறது. பேன் மூலையில் டீத்தூள் மாதிரி கறுப்புத் துகள் மண்டியிருந்தால் அது கிளட்ச் தட்டின் மேற்பூச்சு. சி.டி.சி. ஆசாமி என்பதால் தூளின் பருமன் பார்ப்பது எனக்குப் பழக்கம். டஸ்ட் என்கிற பொடித்தூள் அளவுக்குக் கொஞ்சம் இருந்தது, பரவாயில்லை, பி.பி. என்கிற பெரிய தூள் அளவில் இருந்திருந்தால் அன்றைக்கே மூடிவிட்டு நல்ல மெக்கானிக்கிடம் போயிருப்பேன். இங்கே பார்த்ததை ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். அடுத்த தடவை ஒப்பிட வேறு சாட்சி கிடையாது.

ஃபில்டரை மூன்று போல்ட் பிடித்திருந்தது. இறக்கும்போது அதற்குள்ளிருந்து இன்னும் அரை டம்ளர் எண்ணெய் கொட்டும். புதியதை மாட்டுவதற்கு முன் பழையதோடு பக்கத்தில் வைத்து, உயரமும் துளையும் ஒன்றா என்று பாருங்கள். பழையதன் ரப்பர் ரிங் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதோடு புதியதை ஏற்றினால் ஃபில்டர் காற்றை இழுக்கும்.

பேனையும் காந்தங்களையும் மண்ணெண்ணெயில் கழுவி, காயவிட்டுத் துடைக்க வேண்டும். துடைக்கிற துணியில்தான் நான் அநேகமாகத் தப்புச் செய்திருப்பேன். ஃபேக்டரியில் எங்களுக்கு எல்லாவற்றுக்கும் திருப்பூர் பனியன் வேஸ்ட்தான். கை அதைத்தான் எடுத்தது. நூல் பிசிறு ஒன்று உள்ளே போனால், தலைமுடி அளவு இடைவெளியில் நகரும் வால்வுகள் உள்ள இடம் அது. வீட்டுக்காரியிடம் பழைய பாலியஸ்டர் சேலை கேட்டேன். "ஏனுங்க, சேலை காருக்கா?" என்று கேட்டாலும் ஒன்றைக் கொடுத்தாள். காந்தங்களை அதே இடத்தில் திரும்ப வைக்க மறக்காதீர்கள்.

கேஸ்கெட்டுக்கு மேல் பேஸ்ட் பூசாதீர்கள். இரண்டு பக்கத்து விளிம்பும் சுத்தமாக, எண்ணெய் இல்லாமல் இருந்தால் அதுவே நிற்கும். பிதுங்கிய பேஸ்ட் உள்ளே உடைந்து விழுந்தால் நேராகப் புது ஃபில்டருக்குத்தான் போகும். போல்ட்கள் 6 எம்.எம். தண்டுள்ள சின்னப் போல்ட்கள், மேலே அலுமினிய மரை. முதலில் எல்லாவற்றையும் கையால் ஏற்றி, பின் குறுக்கும் நெடுக்குமாக மூன்று சுற்றில் இறுக்கவும். டார்க் ரெஞ்ச் இருந்தால் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள எண்ணை வையுங்கள். இந்த அளவு போல்ட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டருக்குள்தான் இருக்கும். இல்லையென்றால் குட்டை ராட்செட்டைத் தலைக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் பிடித்து இறுக்குங்கள். தோள் வேலை செய்ய ஆரம்பித்தால் மரை போய்விட்டது என்று அர்த்தம். ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர்.

எவ்வளவு ஊற்றுவது? எவ்வளவு வடிந்ததோ அவ்வளவு. பழையதை அளக்காமல் கொட்டிவிடாதீர்கள். பால் அளக்கிற பழைய லிட்டர் குவளை ஒன்று என்னிடம் உண்டு, இனி அது பாலுக்கு ஆகாது. மூன்றே கால் லிட்டர் வந்தது. அளப்பதற்கு முன் முழுக்க ஆறவிட வேண்டும்: 80 டிகிரியில் உள்ள எண்ணெய் 20 டிகிரிக்கு ஆறும்போது மூன்று லிட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு டீ கிளாஸ் சுருங்கும். சூட்டில் அளந்து, குளிர்ந்த புது ஆயிலை அதே அளவு ஊற்றினால் அந்த ஒரு கிளாஸ் அதிகமாகிவிடும். ஊற்றுவது டிப்ஸ்டிக் குழாய் வழியாகத்தான், நீண்ட மெல்லிய புனல் வேண்டும், பொறுமையும் வேண்டும். முதலில் கால் லிட்டர் குறைவாகவே ஊற்றுங்கள். சேர்ப்பது சுலபம், எடுப்பது தொல்லை.

அந்தத் தொல்லையை நான் பட்டிருக்கிறேன். இந்த வண்டியில் முதல் தடவை செய்தபோது ஜனவரி மாதம், குளிர்ந்த காலை. எஞ்சினை ஓடவிட்டு உடனே டிப்ஸ்டிக் பார்த்தேன், எண்ணெய் சூடாக இருக்கும்போது பார்க்க வேண்டிய ஹாட் கோட்டுக்கு வெகு கீழே இருந்தது. ஹாட் கோடு வரைக்கும் ஊற்றிவிட்டேன். மறுநாள் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும்போது எண்ணெய் விரிந்து, சுழலும் பாகங்களைத் தொட்டு, முட்டை அடித்த மாதிரி நுரைத்து, மூச்சுக்குழல் வழியாக வெளியே வந்து சைலன்சரில் புகைந்தது. நுரைக்கு அழுத்தம் கிடையாது, கியரும் நழுவியது. மாட்டுக்கு ஊசி போடும் பெரிய சிரிஞ்சில் ட்ரிப்ஸ் டியூபைச் சொருகி, டிப்ஸ்டிக் குழாய் வழியாக 60 மில்லி 60 மில்லியாக உறிஞ்சி எடுத்தேன். அரை நாள்.

சரியான முறை இது. வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, மட்டம் பார்த்த அதே இடத்தில் நிறுத்துங்கள். எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி பி-யிலிருந்து எல் வரை ஒவ்வொரு நிலையிலும் மூன்று நொடி நிறுத்தித் திரும்ப பி-க்கு வாருங்கள். இப்போது டிப்ஸ்டிக்கில் கூல் கோடுகளுக்கு நடுவே காட்டினால் ஓட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான் அதற்கு மதிப்பு. மறுபடி அரவேனு வரை போய் ஏறி வாருங்கள். எண்ணெய் 70–80 டிகிரியில் இருக்க வேண்டும். டிப்ஸ்டிக் நுனியை இரண்டு நொடிக்கு மேல் விரலில் பிடிக்க முடியாத சூடு. அதே மட்டமான இடம், எஞ்சின் ஓட்டத்தில், பி-யில். துடைத்து, முழுக்கச் சொருகி, எடுத்துப் பாருங்கள். இரண்டு ஹாட் கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும்.

இப்போது டியூப் மட்டத்தின் கதை. பேன் ஒரு அடி அகலம் என்று வையுங்கள். தரை இருபதுக்கு ஒன்று சரிந்திருந்தால், ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் எண்ணெய் ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசமாக நிற்கும். எங்கள் ஊரில் அந்தச் சரிவுக்குச் சமதரை என்றுதான் பெயர். ஹாட் கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியே ஒரு விரல் அகலம்தான். வீட்டு வாசலில் நிறுத்திப் பார்த்தால் டிப்ஸ்டிக் சொல்வது வாசலின் சரிவைத்தான்.

பத்து லிட்டரும் மூன்று வாஷரும் எதற்கென்றால், இப்படி வடித்ததில் பாதிதான் மாறியிருக்கிறது. மறு பாதி டார்க் கன்வர்ட்டரிலும் கூலர் குழாயிலும் தங்கியிருக்கிறது. ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, பேனைத் தொடாமல் ட்ரெயின் போல்ட்டை மட்டும் கழற்றி வடித்து ஊற்றினால் முக்கால் பாகம் புதியதாகும். இன்னொரு ஆயிரம் கழித்து இன்னொரு தடவை. எட்டில் ஏழு பாகம். அதற்கு மேல் துட்டுக்குக் கேடு. ஒவ்வொரு தடவையும் பழையது கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால் பழைய கியர்பாக்ஸுக்கு அதிர்ச்சியும் இல்லை. அதன் பிறகு 40,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்று வைத்திருக்கிறேன். சமவெளியில் ஓட்டுகிறவர்களுக்கு அவ்வளவு அடிக்கடி தேவைப்படாது. இறக்கத்தில் டி-யிலேயே விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே போகாமல் 2 அல்லது எல் போட்டு இறங்குங்கள், பிரேக்கும் பிழைக்கும்.

பழைய எண்ணெயை ராத்திரி தட்டில் திறந்து வைக்கக் கூடாது. கோத்தகிரியில் கரடி விளக்கில் ஊற்றும் எண்ணெய்க்காகக் கோயில் கதவையே உடைக்கும். மோப்பம் பிடித்துக்கொண்டு இதைக் குடிக்க வந்தால் அதற்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து. மூடியுள்ள கேனில் ஊற்றி உள்ளே வைத்துப் பூட்டினேன். தேயிலைத் தூரிலும் ஓடையிலும் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே ஓடையில் விட்டது பவானியில் போய்ச் சேரும், அதைக் கீழே ஊர் ஊராகக் குடிக்கிறார்கள். அடுத்த முறை கீழே இறங்கும்போது, கழிவு ஆயிலை டிரம்மில் சேர்த்து மறுசுழற்சிக்குக் கொடுக்கிற ஒர்க்‌ஷாப் ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

அன்று ராத்திரி காருக்கு அடியில் பிரிஜ் வந்த பெரிய அட்டையை விரித்துவைத்தேன், கேஸ்கெட் கசிகிறதா என்று பார்க்க. காலையில் டார்ச்சோடு குனிந்தால் நடுவில் வட்டமாக ஒரு ஈரம். நெஞ்சு கொஞ்சம் அடித்துக்கொண்டது. விரலால் தொட்டு முகர்ந்தேன். பனித் தண்ணீர்.